தேறிய எலிகள்

கூண்டக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில், சோதனைக்கான விலங்குகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸில், நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அவள் எலிக் கூண்டுகளை மாற்றுவாள். நான் பக்கத்து அறையில் அந்தக் கூண்டுகளைக் கழுவி, நீராவியில் வேகவைத்துத் திருப்பி அனுப்புவேன். இரண்டு அறைக்கும் நடுவே சுவரில், கூண்டு நுழையும் அளவுக்கு ஒரு சந்து, அதற்கு ஒரு சின்னக் கதவு. எங்கள் பேச்சு, சிரிப்பு, புலம்பல் எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான். முகமூடி, தொப்பி, கையுறை என்று எல்லாரும் மூடிக்கொண்டு திரிகிற இடம் என்பதால் சேர்ந்த புதிதில் எனக்கு ஆளே அடையாளம் தெரியாது. கூண்டு வந்தால் அக்கா வந்தாள் என்று அர்த்தம். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

ஜன்னலே இல்லாத தளம். பகலும் இரவும் அங்கே சுவிட்சில்தான். வெளியே மழையா வெயிலா என்று மாடியேறிப் போனால்தான் தெரியும். மரத்தூளும் மூத்திரமும் கலந்த நெடி தலைமுடியில் ஏறிக்கொள்ளும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். “நமக்கு ஜன்னலோரம் கிடைக்குதுல்ல, அதைப் பாரு” என்பாள் அக்கா.

அவள் பொறுப்பில் இருந்தவை நரம்பு நோய்க்கான வெள்ளைச் சுண்டெலிகள். மனிதர்களுக்கு வருகிற ஒரு நோயின் பழுதான மரபணுவை அவற்றின் உடம்புக்குள் வைத்தே பிறக்கச் செய்திருந்தார்கள். பிறக்கும்போது மற்ற எலிகள் மாதிரிதான் இருக்கும். சக்கரத்தில் ஓடும், ஒன்றையொன்று தள்ளிவிட்டுத் தீனிக்கு முந்தும். ஒரு பருவம் வந்ததும் பின்னங்கால் லேசாக நடுங்கும். அப்புறம் ஒரு கால் இழுக்கும், பிறகு இரண்டும். தண்ணீர்க் குழாய்வரை எட்ட முடியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடக்கும்.

அதற்கென்று ஒரு விதி இருந்தது. எந்த ஆராய்ச்சியைத் தொடங்கும்முன்னும் நெறிமுறைக் குழு ஒன்று கூடும். எலி இல்லாமல் இதைச் செய்ய முடியாதா, இன்னும் குறைவான எலிகளோடு முடித்துக்கொள்ள முடியாதா, வலியைக் குறைக்க என்ன ஏற்பாடு என்று கேட்பார்கள். அவர்கள் போட்ட விதி இது: கால் விழுந்த எலியைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். அரை நிமிஷத்துக்குள் அது தானாகப் புரண்டு எழவில்லை என்றால், அன்றைக்கே அதை வலியில்லாமல் போக விட்டுவிட வேண்டும். இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே என்று இழுக்கக்கூடாது.

படுக்கவைத்துப் பார்ப்பது அக்காவின் வேலை. எலியை வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், மிரளும், இரண்டு கையையும் குவித்து ஏந்துங்கள் என்று பயிற்சியில் எல்லாருக்கும்தான் சொல்லித் தந்தார்கள். அவசரத்தில் எல்லாரும் வாலுக்கே திரும்பிவிட்டோம். அவள் மட்டும் ஏந்திக்கொண்டே இருந்தாள். வேலைக்கு வருமுன் எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ஆளாம். “ஏறி ஏறி முட்டி போனதுதான் மிச்சம். அதுங்க நம்மளப் பாத்து ஏற நாற்காலி இல்லையேன்னு அப்புறந்தான் தோணுச்சு” என்று சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே மகள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாகப் போய் இரும்புக் கயிறும் மோட்டாருமாக இருட்டுக் குழியில் தொங்கி வேலை செய்கிறவர். வாய் ஓயாத மனிதர். “நான் மேலயும் கீழயும் போறவன், நீ கீழயே இருக்கிறவ” என்று மனைவியைச் சீண்டுவாராம்.

சண்டை மகளுக்கும் தாய்க்கும்தான். மகள் இறைச்சியை விட்டாள், பிறகு தோல் செருப்பை விட்டாள், கடைசியில் அம்மாவின் வேலையை விடச் சொன்னாள்.

“அன்பா தூக்கிட்டுப் போய்க் கொல்றது கருணையாம்மா? அதுங்க உன்கிட்ட வந்து எங்களை வெச்சு சோதிங்கன்னு கேட்டுச்சா?”

“நீ குழந்தையில போட்டுக்கிட்ட தடுப்பூசியெல்லாம் வானத்துலேர்ந்தா விழுந்துச்சு? ஏதோ ஒரு எலி, ஏதோ ஒரு முயல் போட்டுக்கிட்ட பிறகுதான்டி உனக்கு வந்துச்சு.”

“அது அப்போ. இப்போ வேற வழி தேடலாமே.”

“தேடுறவங்க தேடட்டும். அதுவரைக்கும் நோயாளி காத்துக்கிட்டு இருப்பானா?”

இதற்கு நடுவே அப்பா தட்டை நீட்டுவார். “ரெண்டு பேரும் நல்லா சண்டை போடுங்க. எனக்கு மட்டும் சாப்பாட்டைப் போட்டுட்டுப் போடுங்க.”

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, நிலையத்தின் வாசலில் ஒரு கூட்டம் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு கோஷம் போட்டது. முன்வரிசையில் அக்காவின் மகள். கையில் இருந்த அட்டையில் ‘உயிரை வதைத்து மருந்தா?’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஆனால் அட்டையை இறக்கவில்லை. அக்கா நேரே அவளிடம் போனாள்.

“தொண்டை கட்டிக்கிச்சு பாரு உனக்கு. முடிச்சுட்டு வா, ஸ்டாப்புல நிக்கிறேன்” என்றாள்.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் அந்தக் கதையைச் சொன்னபோது அக்காவின் குரலில் பெருமைதான் இருந்தது. “அட்டையை இறக்கல பாத்தியா? அவ அப்பன் பிடிவாதம்.”

அந்த வருஷமே அவள் வீட்டுக்காரரின் கையிலிருந்து ஸ்பானர் நழுவ ஆரம்பித்தது. முதல் முறை குழிக்குள் விழுந்தபோது எண்ணெய்க் கை என்று நினைத்தார். திரும்பத் திரும்ப விழவும், கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்தார்கள். பிறகு வலது செருப்பு தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தபோது அவருடைய கெண்டைக்காலில் தோலுக்கு அடியில் சதை தானாகத் துடிப்பதை அக்கா பார்த்தாள். புழு நெளிகிற மாதிரி இருந்தது என்றாள். தினமும் கூண்டில் பார்க்கிற துடிப்பு.

“அடுப்புல பால் வெச்சிருந்தேன். அது பொங்கி வழியறது தெரியாம நின்னுட்டேன்” என்று மறுநாள் சந்து வழியாகச் சொன்னாள். “எதுனாலயும் துடிக்கலாம்க்கா. சத்துக்குறைவா இருக்கும்” என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

சத்துக்குறைவு இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி, ஒயர் மாட்டி, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அதே நோய்தான் என்றார்கள். கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு என்று வரிசையாக நரம்பு சாகும். அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். அவருடைய அப்பா நடுவயதிலேயே கால் விளங்காமல் படுத்துப் போய்ச் சேர்ந்தவர். அன்றைக்கு அதை யாரும் நோய் என்று பெயர் சொல்லவில்லை. இப்போது ரத்தத்தில் பார்த்தால் எலிகளுக்குள் வைத்த அதே பழுது இவருக்குள்ளும் இருந்தது.

“பிள்ளைங்களுக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. வேணும்னா பரிசோதனை பண்ணிக்கலாம்” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். பிடிக்கவும் பலம் இல்லை. “அவகிட்ட இப்போ சொல்லாத. படிச்சு முடிக்கட்டும்.”

அப்பாவுக்கு நோய் என்பதை மட்டும் மகளுக்குச் சொன்னார்கள். ஒரு வாரம் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது சுவரில் ஒட்டியிருந்த போராட்டக் கூட்டத்து முயல் படங்களையெல்லாம் கிழித்துப் போட்டிருந்தாள்.

“அம்மா, உங்க ரேக்குல ஒரு மருந்து ஓடுதுன்னு சொன்னியே, அது என்ன ஆச்சு?”

ஒரு மருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்காவின் ரேக்கில் கீழ் இரண்டு தட்டு எலிகளுக்கு அதைக் கொடுத்துவந்தார்கள். மேல்தட்டு எலிகள் காலை இழுத்துக்கொண்டிருந்த வயதில் கீழ்த்தட்டு எலிகள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. மருந்து தொடங்கிய பிறகு நடுக்கம் வந்த ஒன்றிரண்டும் அது நின்று தேறின. ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா, லேசில் சிரிக்காதவர், ஒரு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கைதட்டினார். நாங்கள் எல்லாருமே பார்த்தோம்.

“நல்லா ஓடுதுடி. கண்ணால பாக்குறேன்” என்றாள் அக்கா.

“அப்போ இன்னும் நூறு எலி செத்தாலும் பரவாயில்லம்மா. ஆயிரம் செத்தாலும் பரவாயில்ல.”

இதை என்னிடம் சொன்னபோது அக்காவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. “இத்தனை வருஷமா நான் சொன்னதைத்தான் அவ சொல்றா. ஆனா அவ வாயால கேக்கும்போது எனக்குப் பிடிக்கல. ஏன்னு தெரியல.”

மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தொடங்கியது. அக்கா டாக்டரம்மாவின் அறை வாசலில் போய் நின்றாள். அவர் எழுந்து வந்து நாற்காலி போட்டார்.

“சேர்க்கிறது என் கையில இல்லம்மா. ஆனா அவருக்குத் தகுதி இருக்கு, பேர் குடுங்க. ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. பாதிப் பேருக்குத்தான் மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது.”

“எலிக்கும் அப்படித்தானே குடுத்தோம், டாக்டர்.”

“அப்படித்தான்.”

அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மாதாமாதம் முதுகுத்தண்டில் ஊசி. மகள்தான் கூட்டிக்கொண்டு போவாள். ஊசி போட்ட அன்று ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “என்ன, என் சொந்தக்காரங்க எப்படி இருக்காங்க?” என்று அக்காவைக் கேட்பார். எலிகளைத்தான் சொல்கிறார். அக்கா ஒவ்வொரு எலியாக வாய் நிறையச் சொல்வாள். எது குண்டாயிற்று, எது சக்கரத்தை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது, எது இவள் விரலை மோந்து பார்க்கிறது. வீட்டில் அந்த நாட்களில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் அப்பாவின் கைப்பிடியை அழுத்திப் பார்த்து, போன மாசத்தைவிட இறுக்கம் என்பாள். இறுக்கம் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

ஒரு நாள் அவர் வேறு கேள்வி கேட்டார். பேச்சு அப்போதே குழற ஆரம்பித்திருந்தது.

“மருந்து கிடைக்காததுங்க என்ன ஆகும்?”

அக்கா பேச்சை மாற்றப் பார்த்தாள். அவர் விடவில்லை. கடைசியில் சொன்னாள், கமிட்டி போட்ட விதியை, படுக்கவைத்துப் பார்ப்பதையும் அரை நிமிஷத்தையும்.

“எழலன்னா?”

“அன்னிக்கே தூங்க வெச்சுடுவாங்க.”

“வலிக்குமா?”

“வலிக்காது. நான் கூடவே நிப்பேன்.”

“நல்ல கமிட்டிதான்” என்றார்.

அடுத்த கோடை வருமுன் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மருந்து வாங்கியவர்களுக்கும் உப்புத் தண்ணீர் வாங்கியவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆஸ்பத்திரியில் மகளை உட்காரவைத்துச் சொன்னார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது மருந்துதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. உப்புத் தண்ணீராக இருக்கும், அதனால்தான் குணமாகவில்லை, மருந்து கிடைத்தால் தேறிவிடுவார் என்று அவள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாளாம். அந்த நினைப்பும் போயிற்று.

டாக்டரம்மா கீழ்த்தளத்துக்கு வந்தார். கவுன் கூட மாட்டாமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்று, போனில் எங்களிடம் பேசினார். அக்கா கேட்டாள்:

“இதுங்களுக்குக் கேட்டுச்சே டாக்டர். நானே பாத்தேனே.”

“கேட்டுச்சும்மா. பொய் இல்ல. ஆனா எலிக்குப் பழுது இருக்குன்னு நமக்குப் பிறக்கும்போதே தெரியும். கால் நடுங்குறதுக்கு முன்னாலயே மருந்தை ஆரம்பிச்சோம். மனுஷன் ஆஸ்பத்திரிக்கு வரும்போது பாதி நரம்பு செத்துப் போயிருக்கு. அது ஒரு காரணம். இன்னும் என்னென்னவோ இருக்கு, எங்களுக்கே தெரியல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “ரேக்கை மூடணும்மா. மருந்துக் கம்பெனி விட்டுட்டாங்க.”

“நல்லா இருக்கிறதுங்களையுமா?”

“நல்லா இருக்கிறதோட முதுகுத்தண்டைத்தான் முதல்ல எடுத்துப் பாக்கணும். ஏன் தேறுச்சுன்னு தெரியணும்ல.”

அன்றைக்கு நான் அவளிடம், “நீ லீவு போடுக்கா, தாடி பாத்துக்குவான்” என்றேன். தாடி என்பது எங்களோடு வேலை பார்த்த இன்னொருவர். அவரும் தானே செய்துவிடுவதாகச் சொன்னார். அக்கா கேட்கவில்லை.

“தாடி வாலைப் பிடிப்பான்” என்றாள்.

அவளே செய்தாள். சந்து வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் நிறுத்தி, குவித்த கையில் ஒவ்வொன்றாக ஏந்தி, வாயு விட்டுத் தூங்கவைக்கும் பெட்டிக்குள் இறக்கினாள். வாயு மெதுவாகத்தான் நிரம்ப வேண்டும். அவசரப்பட்டால் அவை மிரளும். எலிகள் மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்து படுத்தன. அக்கா பெட்டியின் பக்கத்திலேயே நின்றாள். அழவில்லை. எல்லாம் முடிந்து காலிக் கூண்டுகளை என் பக்கம் தள்ளியபோது, ஒரு கூண்டில் எலிகள் காகிதத் துண்டுகளால் கட்டிய கூடு அப்படியே இருந்தது. கலைத்துவிட்டுக் கழுவினேன்.

வீட்டுக்காரருக்கு அதற்குப் பிறகு உடம்பு வேகமாக இறங்கியது. பேச்சு போயிற்று. விழுங்க முடியாமல் வயிற்றில் குழாய் போட்டார்கள். எழுத்துப் பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மகள் விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போவாள். சரியான எழுத்து வந்தால் அவர் கண்ணை மூடித் திறப்பார். முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஃபேனைப் போடு, மாமியார் மாதிரி முறைக்காதே என்று. ஒரு நாள் மகள் கடைக்குப் போயிருந்தபோது அக்கா பலகையைப் பிடித்தாள். அவர் சொன்னது இரண்டே வார்த்தை: அரை நிமிஷம்.

அக்கா பலகையைத் திருப்பி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாளாம்.

அவளால் என்ன செய்ய முடியும்? அதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது, அவள் மனசிலும் கிடையாது. ஆஸ்பத்திரியில் கேட்டால், வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டார்கள்தான். ஆனால் மூச்சுக்குத் தவிக்கிற தவிப்பு என்பது வலியில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. அவரால் புரண்டுகூடப் படுக்க முடியாது. இவள்தான் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பாள். அப்போதெல்லாம் அவர் கண் இவள் முகத்திலேயே நிற்கும். “எத்தனை எலிக்கு நான் பண்ணியிருக்கேன். கட்டின புருஷன் கேட்டதுக்கு மட்டும் பண்ண முடியல. அதுங்களுக்குப் பண்ணது பாவமா, இவருக்குப் பண்ணாதது பாவமான்னு சொல்லு” என்று என்னைக் கேட்டாள். நான் கூண்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

மழைக்காலம் முழுக்க அப்படிக் கிடந்தார். ஒரு மத்தியானம், சளி அடைத்து, மகளும் அக்காவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். லேசில் போகவில்லை.

துக்கம் கேட்கப் போனேன். டாக்டரம்மாவும் வந்திருந்தார். மூலையில் உட்கார்ந்து கொடுத்த டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தார். புறப்படும்போது அக்காவின் கையைப் பிடித்து, “மன்னிச்சுடுங்கம்மா” என்றார். “நீங்க என்ன பண்ணுவீங்க” என்றாள் அக்கா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். கோபித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

எல்லாரும் போன பிறகு அவள் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். பாதிக்குப் பாதி என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். வாயெடுக்குமுன்னே மகள் சொன்னாள்:

“எனக்கு அப்பவே தெரியும்மா. அந்த ஒரு வாரம் ரூமுக்குள்ள என்ன பண்ணேன்னு நினைக்கிற? எல்லாத்தையும் படிச்சேன்.”

“அப்போ பரிசோதனை...”

“தெரிஞ்சு? பழுது இருக்குன்னு வந்தா குடுக்குறதுக்கு மருந்து இருக்கா?”

அக்காவுக்கு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நோய் வருமுன்னே கொடுத்தால் எலிக்குக் கேட்டது. இவளுக்கும் கேட்குமோ என்னவோ. மறுநாளே போய்க் கேட்டாள். நியாயமான கேள்விதான் என்றார் டாக்டரம்மா. அப்படி ஒரு சோதனை நடத்தத் தானும் எழுதிப் போட்டதாகவும், தோற்ற மருந்தைத் திரும்ப எடுக்க எந்தக் கம்பெனியும் தயாரில்லை என்றும் சொன்னார். மருந்தைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்களாம்.

மகள் அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். “ஆயிரம் எலி செத்தாலும் பரவாயில்லன்னு சொன்னேனே, அப்பாவுக்காக மட்டும் சொல்லலம்மா. என்னை நினைச்சும்தான் சொன்னேன். வாசல்ல அட்டையைப் பிடிச்சு நின்னவளும் நான்தான். ரெண்டுல எது நான்னு தெரியல.”

காலியான ரேக்கில் இப்போது வேறு எலிகள் வந்துவிட்டன. அதே நோய், வேறு மருந்து. டாக்டரம்மாவின் இடத்தில் சின்ன வயதுக்காரர் ஒருவர். ஆரம்பம் நன்றாக இருக்கிறது என்கிறார். அக்கா கேட்டுக்கொண்டு தலையாட்டுகிறாள். முயல் பகுதிக்கு மாற்றித் தரட்டுமா என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, “எங்க போனாலும் உயிர்தானே” என்று இங்கேயே இருந்துவிட்டாள். பேச்சுதான் குறைந்துவிட்டது. கூண்டு வரும், அதைத் தள்ளுகிற கை தெரியும், அவ்வளவுதான்.

போன வாரம் சந்துப் பக்கம் கொஞ்சம் அதிகம் நின்றாள். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றாள். நல்ல செய்தி என்றேன். கூட வேலை பார்க்கிற பையன் ஒருவன் அவளை விரும்பிக் கேட்டிருக்கிறான், அவளுக்கும் அவனைப் பிடிக்கும்.

“அப்புறம் என்னக்கா? ஜாம்ஜாம்னு நடத்திட வேண்டியதுதானே.”

“வேணாம்னு சொல்லிட்டா. குழந்தை பெத்துக்கப் போறதில்லையாம்.”

நீராவி மெஷின் இரைச்சலில் மீதி கேட்கவில்லை. திரும்பக் கேட்டேன்.

“ஏன்னு நான் அவளைக் கேக்கலன்னு சொன்னேன்” என்றாள்.